முன்னொட்டுகளின் வரலாறு: வலைச் சட்டக நீட்சிகளும் அவற்றின் அமைவுப் பெயர்களும்

இணையச் செயலிகள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கும் பொதுவான வேலைகளை, அதாவது உலாவியின் வேண்டுகோளை வாங்குவது, அதற்குரிய நிரல்பகுதியை அழைப்பது, பக்கத்தை உருவாக்கி அனுப்புவது போன்றவற்றை, முன்கூட்டியே எழுதித் தொகுத்து வைத்திருக்கும் மென்பொருள் வலைச் சட்டகம் எனப்படுகிறது. சட்டகத்தில் இல்லாத ஒரு வசதியை வெளியார் ஒருவர் எழுதி, வேண்டுவோர் சேர்த்துக்கொள்ளும்படி தருவது நீட்சி. சட்டகமும் நீட்சிகளும் ஓரிடத்துக்கு ஏற்ப எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை, நிரலைத் தொடாமல் வெளியே இருந்து சொல்லும் மதிப்புகளின் தொகுதி உள்ளமைவு. அதில் உள்ள ஒவ்வொரு மதிப்பும் ஓர் அமைவு. தரவுத்தளத்தின் முகவரி, அஞ்சல் வழங்கியின் பெயர், குக்கியில் கையொப்பமிடப் பயன்படும் இரகசியத் திறவுகோல் ஆகியவை அமைவுகளே. ஒவ்வோர் அமைவுக்கும் ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர் சட்டகத்தாருக்கு உரியதா, நீட்சியை எழுதியவருக்கு உரியதா, செயலியை எழுதுபவருக்கு உரியதா, ஒரே பெயரை இருவர் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு வலைச் சட்டகங்கள் கண்ட விடைகளே இக்கட்டுரையின் பொருள். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஃபிளாஸ்க் சட்டகம் இங்கே நடுவில் வைத்துப் பார்க்கப்படுகிறது. அதன் மையம் சிறியது, நீட்சிகள் பல, பெயரிடும் நெறியை ஒருவர் மீறினால் தடுத்து நிறுத்த நிரலில் காவல் ஏதும் இல்லை. ஆகவே வழக்கம் ஒன்று தானாக உருவாகி, திருந்தி, சில இடங்களில் திருந்தாமலே நின்றுவிட்டதையும் அங்கே தெளிவாகக் காண முடிகிறது.

இந்தப் பெயர்கள் ரோமன் பெரிய எழுத்துகளில், சொற்களுக்கிடையே கீழ்க்கோடு இட்டு எழுதப்படுபவை. இங்கே தமிழ் எழுத்தில் வரும் பெயர்களையும், வேறாகச் சொல்லப்படாதவரை, அவ்வாறே கொள்ள வேண்டும். பெரிய எழுத்தில் எழுதும் வழக்கம் வலைக்கும் முந்தியது. மாறாத மதிப்புகளின் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதுவதைச் சி மொழியின் நிரலாளர்கள் 1970களிலேயே வழக்கமாக்கியிருந்தனர்; பைத்தானின் எழுத்துநடை விதிகளைத் தொகுத்த பெப் 8 என்னும் 2001ஆம் ஆண்டின் ஆவணமும் மாறிலிகளுக்கு அதே வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. இன்னொரு வேர், இயங்கும் நிரலுக்கு இயங்குதளம் கையளிக்கும் பெயர்–மதிப்பு இணைகளான சூழல் மாறிகளில் இருக்கிறது. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் அவை இடம்பெற்றன. பின்னாளில் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குப் பொதுவிதி வகுத்த பாசிக்ஸ் தரநிலை, தரப்படுத்தப்பட்ட கருவிகளின் மாறிகள் பெரிய எழுத்து, எண், கீழ்க்கோடு ஆகியவற்றால் மட்டும் அமைய வேண்டும் என்றும், சிறிய எழுத்து கலந்த பெயர்கள் செயலிகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை என்றும் கூறியது. கருவிகளுக்கு ஒரு நிலம், செயலிகளுக்கு ஒரு நிலம் என்று எல்லை வகுத்த இந்த ஏற்பாடு மிக நேர்த்தியானது. ஆயினும் செயலி எழுதுவோர் அதைப் பொருட்படுத்தாமல் பெரிய எழுத்திலேயே தம் மாறிகளுக்கும் பெயரிட்டனர். எழுதிவைத்த விதியைவிடக் கண்ணுக்குப் பழகிய வடிவமே வலியது என்பதற்கு இத்துறையில் கிடைக்கும் முதற்சான்று இது எனலாம்.

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், ஒரு செய்தித்தாள் நிறுவனத்தின் வலைப் பிரிவில் பிறந்து, 2005 ஜூலையில் பொதுவெளிக்கு வந்த ஜாங்கோ சட்டகம் இந்த வழக்கத்தை வலைச் சட்டகத்துக்குள் கொண்டுவந்தது. அதன் உள்ளமைவு ஒரு சாதாரண பைத்தான் கோப்பு. கோப்பில் பெரிய எழுத்தில் உள்ள பெயர்கள் மட்டுமே அமைவுகளாக எடுத்துக்கொள்ளப்படும். மற்றவை அந்தக் கோப்பின் உள்வேலைக்கு உரியவை. பைத்தான் கோப்பில் பிற நிரல்தொகுதிகளின் பெயர்களும் துணைச் செயற்கூறுகளும் தற்காலிக மாறிகளும் கலந்தே கிடக்கும் என்பதால், எழுத்தின் வடிவமே சல்லடையாகப் பயன்பட்டது. வடிவம் மதிப்பை அடையாளம் காட்டியதே தவிர, அதற்கு உரியவரை அடையாளம் காட்டவில்லை. ஜாங்கோ தன் அமைவுகளுக்கு டீபக், சீக்ரெட்_கீ, டேட்டாபேஸ்_என்ஜின் என்று முன்னொட்டு இல்லாத வெறும் பெயர்களையே இட்டுக்கொண்டது. முதலில் வந்தவர் என்ற முறையில் பொதுச்சொற்களைச் சட்டகம் எடுத்துக்கொண்டதால், பின்னால் வந்த நீட்சிகள் எல்லாம் தம்மைப் பிரித்துக் காட்ட வேண்டிய நிலை உண்டாயிற்று.

ஆஸ்திரிய நிரலாளர் ஆர்மின் ரோனாக்கர் ஃபிளாஸ்கை 2010 ஏப்ரலில் வெளியிட்டார். அவர் அதற்கு முன்பே எழுதியிருந்த வெர்க்சாய்க், ஜின்ஜா ஆகிய நூலகங்களின் மேல் எழுந்த அந்தச் சட்டகத்தில் தரவுத்தளம் இல்லை, படிவச் சரிபார்ப்பு இல்லை, பயனர் நுழைவு இல்லை. அவை நீட்சிகளாக வர வேண்டும் என்பதே அதன் திட்டம். உள்ளமைவு வசதியே மே மாத இறுதியில் வந்த 0.3 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. சேர்க்கப்பட்டது மிக எளிய ஒன்று: பெயரையும் மதிப்பையும் இணைத்து வைக்கும், பைத்தானின் அகராதி எனப்படும் அமைப்பையே சற்று விரித்து, பெரிய எழுத்துப் பெயர்களை மட்டும் ஒரு கோப்பிலிருந்தோ பொருளிலிருந்தோ அள்ளிக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். சட்டகம், நீட்சிகள், செயலி ஆகிய மூன்றும் அந்த ஒரே அகராதியைப் பகிர்ந்துகொண்டன. அதற்குள் அறைகள் இல்லை. கல்யாண வீட்டுக்குப் பல வீடுகளிலிருந்து இரவல் வந்த பாத்திரங்கள் ஒரே கூடத்தில் குவிந்துகிடக்கும்போது, விளிம்பில் பொறித்த பெயரே எது யாருடையது என்று சொல்வதைப் போல, அமைவின் பெயருக்கு முன்னால் சேர்க்கப்படும் சொல்லே இங்கு உரிமையைச் சொல்ல வேண்டியிருந்தது. முன்னொட்டு என்னும் வழக்கம் ஃபிளாஸ்கில் இன்றியமையாததானது இதனால்தான்.

ஃபிளாஸ்க் மிக இளமையாக இருந்தபோதே ரோனாக்கர் எழுதிய ஃபிளாஸ்க்-எஸ்க்யூஎல்ஆல்கெமி நீட்சி, எஸ்க்யூஎல்ஆல்கெமி என்னும் தரவுத்தள நூலகத்தைச் சட்டகத்தோடு இணைத்தது. அதன் தலையாய அமைவு எஸ்க்யூஎல்ஆல்கெமி_டேட்டாபேஸ்_யூஆர்ஐ. இதில் முன்னொட்டாக நிற்பது தான் சுற்றிப் பொதிந்திருக்கும் நூலகத்தின் பெயர். ஃபிளாஸ்க்-மெயில் நீட்சியோ மெயில்_சர்வர், மெயில்_போர்ட் என்று, செய்யும் பணியையே முன்னொட்டாக்கியது. ஃபிளாஸ்க்-கேஷ் நீட்சியும் கேஷ்_டைப் என்று அவ்வாறே செய்தது. ஃபிளாஸ்க்-லாகின் மூன்றாம் வழியில் சென்றது: நுழைந்த பயனரை நினைவில் வைக்கும் குக்கிக்கு ரிமெம்பர்_குக்கி_நேம், ரிமெம்பர்_குக்கி_டியூரேஷன் என்று ஒரு முன்னொட்டையும், நுழைவுச் சோதனையை நிறுத்திவைக்க லாகின்_டிஸேபிள்டு என்று வேறொன்றையும் அது வைத்துக்கொண்டது. இப்பெயர்களைப் படிப்பவருக்கு அவை ஒரே நீட்சிக்கு உரியவை என்று தோன்ற வழியே இல்லை. நூலகத்தின் பெயர், பணியின் பெயர், வசதியின் பெயர் என்ற இம்மூன்றில் எதை முன்னொட்டாக்குவது என்பது அன்று யாரும் நின்று ஆராய்ந்த கேள்வியாகத் தெரியவில்லை. ஆனால் அந்தத் தேர்வே பிற்காலத்தில் பெயர் யாருக்குச் சொத்தாகும் என்பதைத் தீர்மானித்தது.

நீட்சிகளின் நிரல்தொகுப்புப் பெயர்களும் இதே காலத்தில் ஒரு குழப்பத்தைக் கடந்துவந்தன. தொடக்கத்தில் நீட்சிகள் அனைத்தும் ஃபிளாஸ்க்எக்ஸ்ட் என்னும் பொதுவான பெயர்வெளிக்குள், அதாவது பலரும் தத்தம் தொகுப்பைக் கொண்டுவந்து வைக்கும் ஒரே கூரையின் கீழ், இருத்தப்பட்டன. அத்தகைய கூட்டுப் பெயர்வெளிகளை நிறுவும் கருவிகள் அன்று சீராக நடந்துகொள்ளவில்லை. ஆகவே 2011 செப்டம்பரில் வந்த 0.8 பதிப்பு, ஒவ்வொரு நீட்சியும் ஃபிளாஸ்க் என்ற சொல்லோடு கீழ்க்கோடிட்டுத் தன் பெயரைச் சேர்த்துத் தனித்தொகுப்பாக நிற்க வேண்டும் என்று மாற்றியதோடு, பழையதையும் புதியதையும் ஒரே பெயரால் அழைக்க உதவும் இடைவழி ஒன்றையும் தந்தது. அந்த இடைவழி 2016இன் 0.11 பதிப்பில் கைவிடத்தக்கது என அறிவிக்கப்பட்டு, 2018இன் 1.0 பதிப்பில் நீக்கப்பட்டது. தொகுப்புப் பெயர் மாறினால் செயலி இயங்கத் தொடங்கும் கணத்திலேயே பிழை காட்டி நின்றுவிடும். திருத்துவோர் உடனே திருத்துவார்கள். அமைவுப் பெயர் மாறினால் பெரும்பாலும் எதுவும் நிற்பதில்லை. அகராதி எந்தப் பெயரையும் ஏற்றுக்கொள்ளும். நீட்சி தான் தேடும் பெயர் கிடைக்காதபோது இயல்பு மதிப்பை எடுத்துக்கொண்டு அமைதியாக நடக்கும். பழைய பெயரில் எழுதப்பட்ட மதிப்பு கோப்பில் அப்படியே கிடக்கும், படிப்பார் இன்றி.

இந்த அமைதி எங்கே ஆபத்தாகும் என்பதற்கு ஃபிளாஸ்க்-டபிள்யூடிஎஃப் தக்க சான்று. வலைப்படிவங்களைக் கையாளும் அந்த நீட்சி, ஒரு தளத்தில் நுழைந்திருக்கும் பயனரின் உலாவியை வேறொரு தளம் ஏமாற்றிப் படிவம் அனுப்பச் செய்யும் தாக்குதலைத் தடுக்கிறது. சிஎஸ்ஆர்எஃப் என்பது அத்தாக்குதலின் சுருக்கப்பெயர். காவலை இயக்கவும் நிறுத்தவும் சிஎஸ்ஆர்எஃப்_எனேபிள்டு என்ற அமைவு முதலில் இருந்தது. அது தாக்குதலின் பெயரைச் சொன்னதே அன்றி நீட்சியைச் சொல்லவில்லை. அதே காவலை வேறொரு நீட்சியும் தர முடியும் என்பதால் பெயர் பிற்காலப் பதிப்புகளில் டபிள்யூடிஎஃப்_சிஎஸ்ஆர்எஃப்_எனேபிள்டு ஆயிற்று. இயல்பாகவே காவல் இயங்கும்படி நீட்சி வடிவமைக்கப்பட்டிருந்ததால், பழைய பெயரில் காவலை நிறுத்தியிருந்த சோதனை நிரல்கள் தோல்வியுற்றனவே தவிர, தளங்கள் காவலற்றுப் போகவில்லை. இயல்பு மதிப்பு எதிர்மாறாக இருந்திருக்குமானால், பெயர் மாறிய ஒரே காரணத்தால் காவல் சத்தமின்றி விலகியிருக்கும். அமைவுப் பெயரிடலைப் பற்றிப் பேசுவோர் அழகையும் சீர்மையையும் பேசுகிறார்கள். பெயர் தவறும்போது எந்தப் பக்கம் விழுவது பாதுகாப்பு என்பதே அதைவிடப் பெரிய கேள்வி.

ஃபிளாஸ்க்-மெயிலும் இதே பாதையில் திருந்தியது. அனுப்புநரின் இயல்பு முகவரிக்கு முதலில் டிஃபால்ட்_மெயில்_சென்டர் என்று இருந்த பெயர் பின்னர் மெயில்_டிஃபால்ட்_சென்டர் ஆயிற்று. உச்சரிப்பில் முதலாவதே இயல்பானது. ஆனால் அகரவரிசையில் அடுக்கினால் அது தன் கூட்டத்தை விட்டுப் பிரிந்து போய்விடும். முன்னொட்டால் தொடங்கும் பெயர்களை மட்டும் பொறுக்கி எடுக்க நினைக்கும் நிரலுக்கும் அது அகப்படாது. 0.11 பதிப்பில் ஃபிளாஸ்கே அத்தகைய பொறுக்கும் கருவியைத் தந்தது: ஒரு முன்னொட்டைக் கொடுத்தால், அதனால் தொடங்கும் அமைவுகளைத் திரட்டி, முன்னொட்டை உரித்து, சிறிய எழுத்தாக்கி, தனி அகராதியாகத் தரும். பெயரின் முற்பகுதியை மனிதக் கண் மட்டும் படித்துவந்த நிலை மாறி, எந்திரமும் அதைப் படிக்கத் தொடங்கியபின் ஒழுங்கற்ற பெயர் உண்மையாகவே வேலையைக் கெடுத்தது.

ஒரே செயலியில் ஒரே நீட்சி இரண்டு முறை வேண்டுமானால் என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். மாங்கோடிபி தரவுத்தளத்துக்கான ஃபிளாஸ்க்-பைமாங்கோ, முன்னொட்டையே நிரலாளர் மாற்றிக்கொள்ளும்படி விட்டது. மாங்கோ_ஹோஸ்ட் என்பது ஒரு தரவுத்தளத்துக்கும், மாங்கோ2_ஹோஸ்ட் என்பது இன்னொன்றுக்கும் உரியதாகலாம். ஃபிளாஸ்க்-ரெடிஸ் நீட்சியும் இவ்வழியைப் பின்பற்றியது. நீட்சியின் ஆசிரியர் தன் உரிமையைச் செயலி எழுதுபவரிடம் ஒப்படைத்துவிடும் இந்த முறை தாராளமானதுதான். ஆனால் ஆவணத்தில் ஒரு பெயரும் நடைமுறையில் வேறொரு பெயருமாகப் பிரிந்துவிடுவதால், பிறர் எழுதிய உள்ளமைவைப் படிப்பது கடினமாகிறது. ஃபிளாஸ்க்-பைமாங்கோ தன் 2.0 பதிப்பில் இந்த வசதியை நீக்கி, பல பெயர்களுக்குப் பதிலாக ஒரே முகவரி அமைவான மாங்கோ_யூஆர்ஐயை மட்டும் வைத்துக்கொண்டது. ஒரே முகவரியில் வழங்கி, எண், பயனர், கடவுச்சொல், தரவுத்தளம் ஆகிய அனைத்தையும் அடக்கிவிட்டால் பெயரிட வேண்டியவை குறைகின்றன. குறைந்தால் மோதலும் குறைகிறது.

பெயர்களைப் பெருக்காமல் அடக்குவதற்கு இன்னொரு வழி, ஒரே பெயரின் கீழ் முழு அகராதியையே வைப்பது. ஜாங்கோ இவ்வழியில் படிப்படியாகச் சென்றது. 2010 மே மாதத்து 1.2 பதிப்பில் டேட்டாபேஸ்_என்ஜின் முதலிய தனித்தனிப் பெயர்கள் டேட்டாபேஸஸ் என்ற ஒரே அகராதிக்குள் ஒடுங்கின. பழைய பெயர்கள் 1.4 பதிப்பில் நீக்கப்பட்டன. 2011இல் கேஷஸ், 2015இல் டெம்ப்ளேட்ஸ், 2023இன் 4.2 பதிப்பில் ஸ்டோரேஜஸ் என்று அதே மாற்றம் தொடர்ந்தது. தரவுத்தளம் ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடும் என்ற உண்மையைத் தட்டையான பெயர்களால் சொல்ல இயலாததே இதன் காரணம். நீட்சிகளும் இதைக் கற்றுக்கொண்டன: ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க் தன் அமைவுகள் அனைத்தையும் ரெஸ்ட்_ஃபிரேம்வொர்க் என்னும் ஒரே அகராதிக்குள் வைத்தது. முன்னொட்டு ஒவ்வொரு பெயரிலும் திரும்ப எழுதப்படாமல், ஒரே வாசற்பெயராக நின்றது. ஃபிளாஸ்க்-எஸ்க்யூஎல்ஆல்கெமியும் இணைப்புகளின் எண்ணிக்கை, காத்திருக்கும் நேரம் ஆகியவற்றுக்கான தனித்தனிப் பெயர்களைக் கைவிட்டு, எஸ்க்யூஎல்ஆல்கெமி_என்ஜின்_ஆப்ஷன்ஸ் என்ற அகராதிக்கு 2019இல் மாறியது. நூலகம் புதிய தெரிவு ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் நீட்சி அதற்கொரு பெயரைக் கண்டுபிடிக்க வேண்டிய பாரம் இதனால் ஒழிந்தது.

அகராதி முறைக்கு எதிர்த்திசையில் இழுத்தது சூழல் மாறி. ஹெரோக்கு நிறுவனத்தின் அனுபவத்திலிருந்து 2011 அளவில் எழுதப்பட்ட பன்னிரு கூறு செயலி என்னும் நெறிமுறை, உள்ளமைவைக் கோப்பில் அன்றிச் சூழல் மாறிகளிலேயே வைக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. கொள்கலன்களில் செயலிகளை ஓட்டும் முறை பரவியபோது அது பொதுவழக்காகிவிட்டது. சூழல் மாறிக்குள் அகராதி நுழையாது. அது ஒற்றைப் பெயர், ஒற்றைச் சரம். ஜாங்கோவின் நேர்த்தியான அகராதிகள் இங்கே இடர்ப்பட, ஃபிளாஸ்கின் பழைய தட்டைப் பெயர்கள் எளிதாகப் பொருந்தின. 2022இல் வந்த ஃபிளாஸ்க் 2.1 இரண்டையும் இணைக்க முயன்றது: ஃபிளாஸ்க் என்ற சொல்லும் கீழ்க்கோடும் கொண்டு தொடங்கும் சூழல் மாறிகளை, செயலி எழுதுபவர் அதற்குரிய செயற்கூறை அழைத்தால், அது படித்துக்கொள்ளும், மதிப்பை ஜேசன் என்னும் தரவு வடிவாகப் பிரித்துப் பார்க்கும், பெயரில் இரட்டைக் கீழ்க்கோடு வந்தால் அகராதியின் உட்பகுதி என்று கொள்ளும். இதன்படி ஃபிளாஸ்க்_எஸ்க்யூஎல்ஆல்கெமி_டேட்டாபேஸ்_யூஆர்ஐ என்று ஒரு மாறியை எழுதும்போது, முதற்சொல் சட்டகத்தையும் இரண்டாம் சொல் நீட்சியையும் எஞ்சியவை அமைவையும் குறிக்கின்றன. தட்டையான பெயர் தன்னுள் படிநிலையைச் சுமக்கத் தொடங்கிவிட்டது.

ஜாங்கோவோடும் பிற சட்டகங்களோடும் சேர்ந்தியங்கும் செலரி என்ற பணிப்பகிர்வுக் கருவி, இதே நோக்கத்தை வேறு விதமாக அடைந்தது. அதன் பழைய பெயர்களில் செலரி, செலரிடி, செலரிபீட் என மூன்று முன்னொட்டுகளும், ப்ரோக்கர்_யூஆர்எல் போன்ற முன்னொட்டில்லாப் பெயர்களும் கலந்திருந்தன. 2016 நவம்பரில் வந்த 4.0 பதிப்பு, பெயர்களைச் சிறிய எழுத்துக்கு மாற்றி, டாஸ்க், வொர்க்கர், பீட் என்று பகுதிகளின் பெயரால் மறுபடி அடுக்கியது. பிற சட்டகத்தின் உள்ளமைவுக்குள் குடியேறும்போது மட்டும் செலரி என்ற ஒரே முன்னொட்டோடு பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளலாம் என்றது. தன் வீட்டில் முன்னொட்டு தேவையில்லை, பிறர் வீட்டில்தான் தேவை என்ற இந்தத் தெளிவு பாராட்டத்தக்கது. பழைய பெயர்களையும் புதியனவற்றையும் கலந்து எழுதினால் பிழை காட்டி நிற்கும்படியும், கோப்பைப் புதிய பெயர்களுக்கு மாற்றித் தரும் கட்டளை ஒன்றைச் சேர்த்தும் செலரி குழுவினர் அந்த மாற்றத்தை நடத்தினர்.

எல்லையை எழுத்திலேயே வகுத்தது ஜாவா உலகின் ஸ்பிரிங் பூட். 2014 ஏப்ரலில் 1.0 பதிப்பாக வந்த அச்சட்டகத்தில் பெயர்கள் புள்ளியால் பிரிக்கப்பட்ட படிநிலைகள்: ஸ்பிரிங்.டேட்டாசோர்ஸ்.யூஆர்எல் என்பது போல. ஸ்பிரிங், சர்வர், மேனேஜ்மென்ட் முதலியவை தனக்குரிய பெயர்வெளிகள் என்றும், வெளியார் அவற்றுக்குள் பெயரிட்டால் பின்னாளில் நேரும் முறிவுக்குத் தான் பொறுப்பில்லை என்றும் அதன் ஆவணம் நீட்சி எழுதுவோரை முன்கூட்டியே எச்சரிக்கிறது. 2018இன் 2.0 பதிப்பில் பல பெயர்கள் மாறியபோது, கோப்பில் பழைய பெயர் இருந்தால் கண்டுபிடித்துப் புதியதைச் சொல்லி, தற்காலிகமாகப் பழையதையும் செல்லுபடியாக்கும் துணைநிரல் ஒன்றும் சேர்ந்தே வந்தது. ஃபிளாஸ்கின் தட்டை அகராதிக்கு இல்லாத காவல் இதுவே.

தட்டை அகராதியின் தளர்வான ஒழுங்கு சில இடங்களில் நன்மையாகவும் முடிந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஃபிளாஸ்க்-கேஷ் நீட்சியின் வளர்ச்சி நின்றபோது, அதன் நிரலைப் பிரித்தெடுத்து ஃபிளாஸ்க்-கேஷிங் என்னும் புதிய நீட்சியாக வேறு சிலர் தொடர்ந்தனர். முன்னொட்டு நீட்சியின் பெயராக அன்றிப் பணியின் பெயரான கேஷ் என்றே இருந்ததால், வாரிசு அதை அப்படியே ஏற்றுக்கொள்ள முடிந்தது. கேஷ்_டைப் என்ற பெயர் நின்றது. அதில் எழுதும் மதிப்பின் வடிவம் மட்டும் பின்னர் மாறியது. நிரல்தொகுப்பின் பெயரை மாற்றியதோடு பெரும்பாலான செயலிகளின் வேலை முடிந்தது.

அதே வழக்கத்தின் மறுபக்கம் ஃபிளாஸ்க்-செஷன் நீட்சியில் தெரிகிறது. பயனரின் அமர்வுத் தரவை உலாவிக்கு அனுப்பாமல் வழங்கியிலேயே சேமிக்க உதவும் அந்த நீட்சி, செஷன்_டைப், செஷன்_பெர்மனன்ட், செஷன்_யூஸ்_சைனர் என்று பணியின் பெயரை முன்னொட்டாக எடுத்துக்கொண்டது. ஆனால் செஷன்_குக்கி_நேம், செஷன்_குக்கி_செக்யூர், செஷன்_ரிஃப்ரெஷ்_ஈச்_ரிக்வெஸ்ட் ஆகியவை சட்டகத்துக்கே உரிய பெயர்கள். சட்டகம் அந்தப் பெயர்வெளியில் இன்னும் பெயர்களைச் சேர்த்துக்கொண்டே வருகிறது: 1.0 பதிப்பில் செஷன்_குக்கி_சேம்சைட், 2024இன் 3.1 பதிப்பில் செஷன்_குக்கி_பார்ட்டிஷன்டு. இரு தரப்பும் ஒரே சொல்லின் கீழ் பெயரிட்டு வருகின்ற நிலையில், செஷன் என்று தொடங்கும் ஓர் அமைவைக் கோப்பில் காணும் நிரலாளர், அது சட்டகத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டதா, நீட்சியை நீக்கினால் செயலற்றுப் போவதா என்பதை இரண்டின் ஆவணங்களையும் திறந்து பார்த்தே அறிய வேண்டியிருக்கிறது.